மாமியார் கொடுத்த ஏழு கல் மோதிரம்: அது வைரம்தானா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன். 1971-ல் உங்கள் மாமியாரின் கல்யாணத்துக்குக் கும்பகோணத்தில் செய்த ஏழு கல் மோதிரம் இப்போது உங்கள் கைக்கு வந்திருக்கிறது. பில் இல்லை, சர்ட்டிபிகேட்டும் இல்லை. தண்ணீரில் போட்டீர்கள், மூழ்கியது. வாயால் ஊதினீர்கள், ஆவி சட்டென்று மறைந்தது. இப்போது ஓர் உறவினர், லைட்டர் நெருப்பில் காட்டிவிட்டு உடனே குளிர்ந்த நீரில் போடச் சொல்கிறார். செய்யலாமா, இது நிஜ வைரம்தானா என்பது உங்கள் கேள்வி.

முதல் பதில்: நெருப்பு வேண்டவே வேண்டாம். வைரம் என்பது கார்பன். காற்றில் சுமார் 700, 800 டிகிரி செல்சியஸைத் தொட்டால் அதன் மேல்பரப்பு எரியத் தொடங்கி வெண்மையாகப் பூத்துப்போகும். கல் பதித்த நகையில் பற்றவைக்கும்போது பத்தர்கள் கல்லின்மேல் போரிக் ஆசிட் பூசிக்கொள்வது இதற்காகத்தான். லைட்டரில் அவ்வளவு சூடு ஏறாது என்று வைத்துக்கொண்டாலும், உள்ளே ஏற்கெனவே நுண்ணிய வெடிப்புள்ள கல் சூட்டிலிருந்து நேராகக் குளிர்ந்த நீருக்குப் போனால் வெடிப்பு பெரிதாகலாம். இன்னொன்று. அந்தக் காலத்து மோதிரம் என்பதால் பின்பக்கம் மூடிய கட்டாக இருக்கலாம். அப்படியானால் கல்லுக்கு அடியில் மெல்லிய தகடு வைத்திருப்பார்கள். அது கருகினால் நல்ல வைரமும் செத்த கல் மாதிரித் தெரியும். சோதனையில் வைரம் தேறிவிடும், மோதிரம் தேறாது.

உப்புத்தாளில் உரசுவது, சுத்தியலால் தட்டுவது எல்லாம் இதே ரகம். வைரத்தைக் கீறுவது கடினம், உடைப்பது அவ்வளவு கடினமில்லை. நான்கு திசைகளில் அது சுலபமாகப் பிளக்கும். சரியான கோணத்தில் விழுந்த ஓர் அடி போதும்.

நான் திருச்சிக்காரன். என் அப்பா செயற்கைக் கல் பட்டை தீட்டும் பட்டறையில் வேலை பார்த்தவர். திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு சாணைச் சக்கரம் சுற்றிய காலம் அது. நான் பிறகு நகைக்கடைகளின் வைரப் பிரிவில் 26 வருடம் இருந்தேன். போலிக் கல் எப்படிப் பிறக்கிறது என்பதைச் சின்ன வயதிலும், அது எப்படி மாட்டிக்கொள்கிறது என்பதைப் பின்னாலும் பார்த்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

நீங்கள் செய்த தண்ணீர் சோதனை எதையும் சொல்லாது. கண்ணாடியின் அடர்த்தியே 2.5, வைரம் 3.52, அமெரிக்கன் டைமண்ட் 6-க்குக் கொஞ்சம் குறைவு. எல்லாமே மூழ்கும். ஊதிப் பார்ப்பதில் கொஞ்சம் சரக்கு இருக்கிறது. வைரம் சூட்டை மிக வேகமாகக் கடத்துவதால் மூச்சுப் பனி ஒன்றிரண்டு நொடிக்குள் போய்விடும், கண்ணாடியில் தங்கி நிற்கும். ஆனால் செயற்கை வெள்ளை நீலக்கல்லிலும் (நிறமில்லாத சஃபையர்) அது சீக்கிரமே போய்விடும். ஆகவே இதை வைத்துக் கண்ணாடி இல்லை என்று மட்டும் ஓரளவு சொல்லலாம். கண்ணாடியைக் கீறிப் பார்ப்பதும் வீண், மணலில் கிடக்கும் படிகக் கல்லே ஜன்னல் கண்ணாடியைக் கீறும். செய்தித்தாள் எழுத்தின்மேல் கவிழ்த்து வைத்துப் படிக்க முடிகிறதா என்று பார்ப்பது உதிரிக் கல்லுக்குத்தான். மோதிரத்தில் பதித்த சிறு கல்லுக்கு அது பொருந்தாது.

உங்களிடம் இதையெல்லாம்விடப் பெரிய சாட்சி ஒன்று இருக்கிறது. அது 1971 என்ற வருடம்.

இன்று சந்தையில் வைரத்துக்கு மாற்றாக வருவதில் முதலிடம் கியூபிக் சிர்கோனியாவுக்கு, அதாவது நாம் அமெரிக்கன் டைமண்ட் என்று கூப்பிடும் கல்லுக்கு. பெயரில்தான் அமெரிக்கா. பெரிய அளவில் அதை வளர்த்தெடுக்கும் முறையைச் சோவியத் விஞ்ஞானிகள் கண்டார்கள், வணிக உற்பத்தி 1976-ல்தான் தொடங்கியது. அடுத்தது மாய்சனைட், சிலிக்கன் கார்பைடு. 1893-ல் அரிசோனாவில் ஒரு விண்கல் விழுந்த இடத்தில் கிடைத்த மாதிரியில் அதைக் கண்டவர் ஹென்றி மாய்சன் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். நகைக்கல்லாக அது விற்பனைக்கு வந்ததோ 1990-களின் கடைசியில். ஆய்வகத்தில் வளர்த்த வைரத்தை 1954 டிசம்பரிலேயே ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் செய்து காட்டியது, ஆனால் அதெல்லாம் தொழிற்சாலைக்கான பொடிக் கற்கள். நகைக்கடைகளுக்கு அது மொத்தமாக வர ஆரம்பித்தது கடந்த இருபது வருடத்துக்குள்தான்.

ஆக, 1971-ல் பதித்த கல் அப்படியே இருந்தால் இந்த மூன்றும் கணக்கில் வராது. மிஞ்சுகிறவற்றில் முக்கியமானவை கண்ணாடி, செயற்கை வெள்ளை நீலக்கல், செயற்கை ஸ்பினல், நிறமற்ற சிர்கான். செயற்கை மாணிக்கத்தைப் பொடியிலிருந்து உருக்கி எடுக்கும் வழியை வெர்னாயில் என்பவர் 1902-ல் வெளியிட்டார், செயற்கை நீலக்கல்லும் பிறகு அதே வழியில் வந்தது, எங்கள் திருச்சிச் சாணைகள் பல காலம் சுற்றியது அந்தக் கல்லில்தான். சிர்கான் இயற்கைக் கல். இலங்கையின் மாத்தறைப் பகுதியில் கிடைத்த நிறமற்ற சிர்கானுக்கு ‘மாத்தறை வைரம்’ என்றே பெயர் இருந்தது. (கடைகளில் இன்று சிர்கான் என்று சொல்வது பெரும்பாலும் சிர்கோனியாவைத்தான். இரண்டும் வேறு வேறு.)

ஆனால் “அப்படியே இருந்தால்” என்பது பெரிய நிபந்தனை. 50 வருடத்தில் ஒரு கல் விழுந்திருக்கலாம், வேறு கல் வைத்திருக்கலாம். மாமியாரிடம் உட்கார்ந்து கேளுங்கள். எப்போதாவது கல் விழுந்ததா, எந்த ஊரில் யார் திரும்ப வைத்தது, மோதிரத்தைப் பெரிதாக்கியபோது எத்தனை நாள் கழித்துத் திரும்பி வந்தது. சந்தேகப்படுகிற மாதிரி இல்லாமல், பழைய கதை கேட்கிற மாதிரிக் கேட்டால் நிறைய நினைவுக்கு வரும். ஏழு கல் மோதிரத்தில் ஆறு வைரம், ஒன்று வேறு என்று இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதனால்தான் எந்தச் சோதனையானாலும் ஏழு கல்லுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

அடுத்து, கழுவுங்கள். வைரத்துக்கு எண்ணெய்ப் பசை பிடிக்கும் குணம் உண்டு. தண்ணீர் அதில் ஒட்டாது, கொழுப்பு ஒட்டும். தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி சுரங்கத்தில் கிரீஸ் தடவிய மேசைமேல் மண்ணையும் தண்ணீரையும் ஓடவிட்டு வைரத்தைப் பிடித்தது இந்தக் குணத்தை வைத்துத்தான். சமையல் செய்த கையிலிருந்த வைரம் மங்கித் தெரிவது இயல்பு. மங்கலை வைத்துப் போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மோதிரத்தின் பின்பக்கம் திறந்திருந்தால் வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டு, மிருதுவான பிரஷ்ஷால் அடியிலிருந்து தேயுங்கள். மூடிய கட்டாக இருந்தால் ஊறப்போடவே கூடாது. உள்ளே நீர் இறங்கினால் தகடு கறுத்துவிடும். ஈரத்துணியால் மேலே துடைத்தால் போதும்.

இனி லென்ஸ். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு மோதிரத்தை அருகே கொண்டுவர வேண்டும். பழக அரைமணி நேரம் ஆகும். பிறகு பட்டைகள் சந்திக்கும் விளிம்புகளைப் பாருங்கள். 50 வருடம் பாத்திரம், சுவர், மளிகைப் பை என்று உரசிய கை அது. வைரத்துக்குக் கடினம் 10 என்று வைக்கும் அளவுகோலில், காற்றில் பறக்கும் தூசியிலேயே கடினம் 7 உள்ள சிலிக்கா இருக்கிறது. கண்ணாடியின் விளிம்புகள் இந்நேரம் உருண்டு மழுங்கியிருக்கும். சிர்கான் விளிம்பு எளிதில் சிதையும், பல் பல்லாகத் தெரியும். நீலக்கல் அவ்வளவு தேயாது, ஆனாலும் மேல்தட்டில் கீறல் விழுந்திருக்கும். வைரத்தின் விளிம்பு மட்டும் நேற்றுத் தீட்டிய மாதிரிக் கத்திமுனையாக நிற்கும். பழைய நகையில் இதைவிட நம்பிக்கையான அடையாளம் எனக்குத் தெரியாது. புது மோதிரத்துக்கு இந்தச் சலுகை கிடையாது, அங்கே எல்லாக் கல்லும் புதிதாகவே இருக்கும்.

கல்லைச் சற்றுச் சாய்த்து, மேல்பட்டைகள் வழியாக அடிப்பட்டைக் கோடுகளைப் பாருங்கள். ஒவ்வொரு கோடும் இரண்டிரண்டாகத் தெரிந்தால் அது வைரமில்லை, வைரத்தில் ஒளி இரண்டாகப் பிரியாது. சிர்கானும் மாய்சனைட்டும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. நேர் மேலிருந்து பார்த்தால் மாய்சனைட்டில் இரட்டைக் கோடு தெரியாமல் போகலாம், சாய்த்துத்தான் பார்க்க வேண்டும்.

உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் பாருங்கள். உருண்டையான காற்றுக் குமிழி தெரிந்தால் கண்ணாடி, அல்லது உருக்கி வார்த்த செயற்கைக் கல். வைரத்துக்குள் இருப்பவை வேறு. ஊசிமுனைப் புள்ளி, இறகு மாதிரி வெடிப்பு, சில சமயம் ஒரு கறுப்புத் துகள். காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று வைரத்தின் குற்றங்களுக்குத் தமிழில் பழங்காலத்திலேயே பெயர் வைத்திருக்கிறார்கள். அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்திருக்கிறார்கள். கரும்புள்ளி இருந்தால் ஆகாது என்று பயப்படுவோர் நம் வீடுகளில் உண்டு. நான் அந்தப் புள்ளியை வரவேற்பேன். பழைய நகையில் அது இயற்கைக் கல் என்பதற்கு ஒரு நல்ல அறிகுறி. பழுதுபார்க்கக் கொடுத்துத் திரும்பி வரும்போது அதே கல்தான் வந்ததா என்று காட்டும் மச்சமும் அதுதான்.

மினுமினுப்பை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லாதீர்கள். வைரத்தின் ஒளியில் வெள்ளை அதிகம், நடுநடுவே வண்ணம் தெறிக்கும். அமெரிக்கன் டைமண்டில் வண்ணம் கூடுதல், மாய்சனைட்டில் வைரத்தைப் போல இரு மடங்குக்கும் மேல். விளக்கடியில் கல் முழுக்க வானவில்லாகத் தெரிந்தால் அது சந்தேகத்துக்கு இடம், சந்தோஷத்துக்கு இல்லை. பழைய நகையில் பட்டை வெட்டும் பழைய முறை என்பதால் வைரமே கொஞ்சம் அடங்கித் தெரியும். மூடிய கட்டில் அடித்தகடு எந்தக் கல்லையும் மின்ன வைத்துவிடும்.

ரூபாய் நோட்டைச் சரிபார்க்கும் ஊதா விளக்கு பக்கத்துக் கடையில் இருக்கும். இருட்டில் மோதிரத்தை அதன்கீழ்க் காட்டுங்கள். இயற்கை வைரங்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்று வரை இந்த ஒளியில் மிளிரும், பெரும்பாலும் நீலமாக. ஏழு கல்லில் ஒன்று பளிச்சென்று நீலம், இரண்டு லேசாக, மற்றவை இருட்டு என்று ஏறுக்குமாறாக இருந்தால் அது நல்ல அறிகுறி. ஏழும் ஒரே மாதிரி ஒளிர்ந்தால் கவனமாக மேலே பார்க்க வேண்டும். ஒன்றுகூட ஒளிராவிட்டால் எந்த முடிவுக்கும் வர முடியாது. உங்கள் மாமியார் “புளூ ஜாகர்” என்ற சொல்லைச் சொல்லக்கூடும். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபொன்டைன் சுரங்கத்தின் பெயரிலிருந்து வந்தது அது. அங்கே கிடைத்த வெண்கற்களில் பகல் வெளிச்சத்திலேயே ஒரு நீல ஓட்டம் தெரியும், காரணம் இந்த மிளிர்வுதான். சுரங்கம் 1971-லேயே மூடப்பட்டுவிட்டது, உயர்ந்த கல் என்பதற்கான பெயராக அது நம் வைரக் கடைகளில் இன்றும் உயிரோடு இருக்கிறது.

இவ்வளவும் வீட்டில் செய்யக்கூடியது. முடிவு சொல்வது டெஸ்டர். பேனா மாதிரி இருக்கும் கருவியின் சூடான முனை கல்லைத் தொடும், சூட்டைக் கல் எவ்வளவு வேகமாக உறிஞ்சுகிறது என்று பார்க்கும். வைரம் செம்பைவிட ஐந்து மடங்கு வரை வேகமாகச் சூட்டைக் கடத்தும். நீலக்கல், ஸ்பினல், சிர்கான், கண்ணாடி எதுவும் அதன் பக்கத்தில்கூட வராது. 1971-ல் பதித்த கல்லுக்கு இந்த ஒரு சோதனையே பெரும்பாலும் போதும். ஆனால் கல் சுத்தமாகவும் அறைச் சூட்டிலும் இருக்க வேண்டும், முனை தங்கத்தில் படக்கூடாது. இரண்டு, மூன்று சென்ட் (காரட்டில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) கற்களில் கை சற்று நகர்ந்தாலும் தப்பான பதில் வரும். அவசரமாக ஒரு கல்லைத் தொட்டுவிட்டு “வைரம்தான்” என்று தருகிறவரிடம், மீதி ஆறையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இந்த டெஸ்டரை ஏமாற்றும் கல் மாய்சனைட். பல வருடத்துக்கு முன் ஒரு பெண்மணி, வெளிநாட்டிலிருந்து மகன் வாங்கி அனுப்பிய ஒற்றைக் கல் மோதிரத்தை அவசரச் செலவுக்காக விற்க வந்தார். டெஸ்டர் ‘வைரம்’ என்று கத்தியது, பக்கத்திலிருந்தவர் விலை பேசவே தொடங்கிவிட்டார். லென்ஸில் சாய்த்துப் பார்த்தால் அடிக்கோடுகள் எல்லாம் இரட்டை. மகனையும் யாரோ ஏமாற்றியிருந்தார்கள். அதை அந்த அம்மாவிடம் சொல்லும்போது அவர் முகம் போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்றிலிருந்து லென்ஸில் பார்க்காமல் டெஸ்டரை மட்டும் நம்பி நான் பதில் சொன்னதில்லை. இப்போது மின்சாரத்தைக் கடத்துகிறதா என்றும் சேர்த்துப் பார்க்கும் டெஸ்டர்கள் வந்துவிட்டன. பெரும்பாலான மாய்சனைட்டை அவை பிடிக்கும், எல்லாவற்றையும் பிடிக்காது.

உங்கள் மோதிரத்தில் சமீப வருடங்களில் ஏதாவது கல் மாற்றியிருந்தால், அல்லது நீங்களே புதிதாக ஒன்று வாங்கப்போனால், கேள்வி இரண்டாகப் பிரிகிறது. வைரமா என்பது ஒன்று. மண்ணிலிருந்து வந்ததா என்பது இன்னொன்று. ஆய்வகத்தில் வளர்த்ததும் வைரம்தான். அதே கார்பன், அதே கடினம், அதே ஒளி, சாதாரண டெஸ்டரிலும் அதே பதில். லென்ஸால் இதைப் பிரிக்க முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், என்னாலும் முடியாது. இயற்கை வைரங்களில் மிகப் பெரும்பாலானவற்றில் நைட்ரஜன் அணுக்கள் கோடிக்கணக்கான வருடம் மண்ணுக்கடியில் இருந்து கூட்டம் கூட்டமாகச் சேர்ந்திருக்கும். வாயுவிலிருந்து சில வாரத்தில் வளர்த்த கல்லுக்கு அந்த நேரம் கிடைப்பதில்லை. இந்த வித்தியாசத்தைப் பார்க்க ஆய்வகக் கருவி வேண்டும்.

வளர்த்த வைரம் கேவலமானதில்லை. சூரத்தில் அது பெரிய தொழில், அதன் ஆராய்ச்சிக்காகச் சென்னை ஐ.ஐ.டி.க்கு ஒன்றிய அரசு 242.96 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2023 ஜூனில் பிரதமர் மோடி அமெரிக்க அதிபரின் மனைவி ஜில் பைடனுக்குக் கொடுத்த 7.5 காரட் கல்லும் வளர்த்த வைரம்தான், அதன் மதிப்பு 20,000 டாலர் என்று அமெரிக்க அரசின் பதிவு சொல்கிறது. அதே அளவு, அதே தரத்தில் இயற்கை வைரம் அந்தப் பணத்துக்கு வராது. வளர்த்தது என்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றால் நியாயம். சொல்லாமல் இயற்கை விலைக்கு விற்பது திருட்டு.

புது மோதிரம் வாங்குவோர் ஹால்மார்க்கைப் பார்த்து நிம்மதியாகிவிடுகிறார்கள். 18கே750 என்ற முத்திரையும், 2023 ஏப்ரல் முதல் கட்டாயமான எச்.யு.ஐ.டி.யும் (ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறி) தங்கத்தின் சுத்தத்தைத்தான் சொல்கின்றன. கல்லைப் பற்றி அந்த முத்திரை ஒன்றும் சொல்வதில்லை. கல்லுக்குத் தனி அறிக்கை வேண்டும். அறிக்கை எண்ணை அந்த ஆய்வகத்தின் இணையதளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள், கல்லின் இடுப்புப் பகுதியில் லேசரால் பொறித்த எண்ணை லென்ஸில் படித்து ஒப்பிடுங்கள். அதோடு நிற்காமல் எடையையும் மில்லிமீட்டர் அளவையும் சேர்த்துப் பாருங்கள். ஓர் இயற்கை வைரத்தின் எண்ணை வளர்த்த வைரத்தில் பொறித்து அனுப்பிய மோசடிகள், வைரத்தைத் தரம் பிரித்து அறிக்கை தரும் ஜி.ஐ.ஏ. ஆய்வகத்துக்கே வந்திருக்கின்றன, அங்கே பிடிபட்டும் இருக்கின்றன. பில்லில் ‘இயற்கை வைரம்’ என்ற சொல்லும், காரட் எடையும், அறிக்கை எண்ணும் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

உங்கள் மோதிரத்துக்கு வருகிறேன். அதை வாங்க விரும்பும் கடையில் கேட்காதீர்கள். குறைத்துச் சொல்வதில் லாபம் இருக்கிற இடம் அது. ரத்தினவியல் படித்த, கட்டணம் வாங்கிச் சோதித்துக் கொடுக்கிற ஒருவரிடமோ ஆய்வகத்திடமோ போங்கள். ஜி.ஐ.ஏ. தர அறிக்கை உதிரிக் கல்லுக்குத்தான், ஐ.ஜி.ஐ. போன்ற வேறு ஆய்வகங்கள் பதித்த நகைக்கும் அறிக்கை தருகின்றன. கல்லைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும் என்று சொன்னால் சம்மதிக்காதீர்கள். நீங்கள் விற்கப்போவதில்லை, பழைய கட்டைப் பிரித்தால் அதே கைவேலையில் திரும்பக் கட்ட ஆள் கிடைப்பது கஷ்டம். உங்கள் கண் எதிரே சோதிக்கச் சொல்லுங்கள். போகுமுன் மோதிரத்தை மில்லிகிராம் வரை எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். போன் கேமராவை லென்ஸில் வைத்து ஒவ்வொரு கல்லையும் படம் எடுத்து வையுங்கள், எந்தக் கல்லில் எந்தப் புள்ளி என்று தெரியும்படி.

சோதனை முடிந்ததும் அவரிடம் இன்னொன்றும் கேளுங்கள். கற்களைப் பிடித்திருக்கும் தங்க நகங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். மோதிரத்தைக் காதருகே வைத்து விரலால் சுண்டினால் கிலுகிலுப்பு கேட்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். கேட்டால் ஒரு கல் ஆடுகிறது. 50 வருடத்தில் வைரம் தேய்ந்திருக்காது, தங்கம் தேய்ந்திருக்கும். அதைச் சரிசெய்யும் வரை கையில் போடாமல் வையுங்கள்.